கடலைக் 'கேட்கும்' கருவி

ஞாயிற்றுக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு மைசூரில் மீன் வாங்கப் போகும் நம்மவர்களுக்கு முதலில் தகராறு வருவது விலையில் அல்ல, பெயரில். நாம் 'மத்தி' என்போம். கடைக்காரர் 'பூதாயி' என்பார். நம் அயிலை அவருக்குப் 'பங்குடே'. வஞ்சிரம் என்று கேட்டால் "அஞ்சலா?" என்று திருப்பிக் கேட்பார். கடல் இல்லாத ஊர் இது. மங்களூரிலும் மால்பேயிலும் கரையிறங்கும் மீன், ஐஸ் பெட்டியில் அடைபட்டு, இரவோடு இரவாக மலை தாண்டி வந்துதான் நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கிறது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். ரயில்வேயில் வேலை. அவருடைய தம்பி மால்பேயில் ஒரு மீன்பிடி படகில் தொழிலாளி. சென்ற மாதம் ஒரு நாள் மாலை நண்பர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"சார், தம்பி போன் பண்ணினான். அவன் படகிலே புதுசா சோனார்னு ஒண்ணு வைத்திருக்காங்களாம். கீழே மட்டும் இல்லையாம், பக்கத்திலேயும் பார்க்குமாம். தண்ணிக்குள்ளே பக்கத்திலே எப்படி சார் பார்க்க முடியும்?"

நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அவரே தொடர்ந்தார்: "இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிச்சா, அவனுக்கு இன்னும் எத்தனை வருஷத்துக்கு சார் வேலை இருக்கும்?"

முதல் கேள்விக்கு விடை கூறுவது சுலபம். இரண்டாவது அப்படி அல்ல.

அச்சுத் தண்டும் அயிலையும்

அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரயில் பெட்டியின் அச்சுத் தண்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் செலுத்துகிறார்கள். வெடிப்பு இருந்தால் ஒலி அங்கே முட்டித் திரும்பும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் எடுக்கும் 'ஸ்கேன்' கருவியிலும் இதே வித்தைதான். படகில் இருப்பதும் இதன் உடன்பிறப்பே.

கடல் நீருக்குள் ஒளி வெகு தூரம் போகாது. ரேடியோ அலையும் போகாது. ஒலி மட்டும் தாராளமாகப் போகும். அதுவும் காற்றில் போவதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் வேகமாக, வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வீதம். படகின் அடியில் பொருத்திய கருவி 'டிக்' என்று ஓர் ஒலித் துடிப்பை அனுப்புகிறது. அது தரையில் முட்டித் திரும்பி வர 25-ல் ஒரு பங்கு வினாடி ஆனால், ஆழம் 30 மீட்டர். போக 30, வர 30 என்று கணக்கு. வழியில் மீன் கூட்டம் இருந்தால் அதற்கு முன்பே ஒரு சிறு எதிரொலி வந்து சேரும். திரையில் தரைக்கு மேலே ஒரு கறையாக அது விழும்.

மீனின் சதை பெரும்பாலும் நீர்தான். அதனால் சதையிலிருந்து எதிரொலி பெரிதாக வருவதில்லை. பல மீன்களின் வயிற்றுக்குள் மிதப்பதற்கென்று ஒரு காற்றுப்பை இருக்கிறதே, அதில்தான் ஒலி ஓங்கி முட்டித் திரும்புகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எனவே ஆள் உயரச் சுறாவைவிட விரல் நீள மீன்களின் கூட்டம் திரையில் கொட்டை எழுத்தாகத் தெரிவதுண்டு.

இது கீழ்நோக்கிப் பார்க்கும் 'எக்கோ சவுண்டர்'. படகுக்கு நேர் கீழே, ஒரு கூம்பு விரிவதுபோல் உள்ள இடத்தை மட்டுமே அது காட்டும். கூம்புக்கு இருபது பாகம் தள்ளி ஒரு பெரிய மத்திக் கூட்டம் போனாலும் அதற்குத் தெரியாது. இருட்டு அறையில் டார்ச் விளக்கைத் தன் காலடியிலேயே அடித்துக்கொண்டு நடப்பவன் நிலைமைதான்.

பக்கவாட்டில் பார்க்கும் சோனார் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அதில் இரண்டு வகை உண்டு. படகுக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, படகின் அடியிலிருந்து ஒரு குழாய் போல் நீருக்குள் இறங்கி, சுற்றிலும் ஒலியை அனுப்புவது. திரையின் நடுவில் படகு இருக்கும். சுற்றிலும் சில நூறு மீட்டருக்குள் கூட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரியும். பர்சீன் எனப்படும் சுருக்குவலைப் படகுக்கு வேண்டியது இதுதான்.

மற்றொன்று, இடமும் வலமும் விசிறி போல் மெல்லிய ஒலியைப் பாய்ச்சி, படகு நகர நகரக் கடலடியைக் கீற்றுக் கீற்றாகப் படம் எடுப்பது. நெசவுக்காரர் தறியில் இழை இழையாகத் துணி நெய்வதுபோல் அந்தப் படம் வளரும். பாறை, மணல் திட்டு, மூழ்கிய கப்பல் எல்லாம் அதில் நிழலோடு தெரியும். பொருளில் முட்டிய ஒலி அதற்கு அப்பால் போகாதல்லவா? அந்த இடம் கறுப்பாக நிற்கும். அந்த நிழலின் நீளத்தைக் கொண்டு பொருளின் உயரத்தையே கணக்கிட்டுவிடலாம். ஆனால் படகு நேராகவும் மெதுவாகவும் போக வேண்டும். திரும்பினால் படம் கோணலாகிவிடும்.

பனிப்பாறையில் பிறந்தது

இந்த வித்தை மீனுக்காகப் பிறந்ததல்ல. 1912-ல் 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன் பிறகு, பாறையை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று பலரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1914-ல் அமெரிக்காவில் பெசண்டன் என்பவர் தாம் செய்த கருவியால் சுமார் 2 மைல் தூரத்துப் பனிப்பாறையிலிருந்து எதிரொலி பெற்றுக் காட்டினார். முதல் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லான்ஜவின் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க இதே வழியைப் பின்பற்றினார். 1930-களில் இங்கிலாந்தில் ரொனால்டு பால்ஸ் என்ற மீன்பிடி படகுத் தலைவர், ஆழம் பார்க்க வைத்த கருவியில் விழுந்த கறைகள் ஹெர்ரிங் மீன் கூட்டங்கள் என்று தெளிந்து, அதைக் கொண்டே வலை வீசத் தொடங்கினார்.

ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. நாகசாகிப் பக்கத்தில் மீன்பிடி படகுகளுக்கு மின்விளக்கும் ரேடியோவும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் புருனோ சகோதரர்கள். கடலில் குமிழி எழும் இடத்தில் மீன் உண்டு என்று ஒரு மீனவர் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. போர் முடிந்து உபரியாகக் கிடந்த ஆழம் அளக்கும் கருவியைத் திருத்தி, 1948-ல் மீன் காட்டும் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் மீனவர்கள் அதை நம்பவில்லை. திரையைப் படிக்கத் தெரிந்த பிறகே கருவிக்கு மதிப்பு வந்தது.

நம் கரைக்கு இது வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1971-ல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகள் சபையின் உதவியுடன் ஒரு மீன்வள ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மத்தியின் விஞ்ஞானப் பெயரான 'சார்டினெல்லா'வையும் அயிலையின் பெயரான 'ராஸ்ட்ரெல்லிகர்' என்பதையும் சூட்டிக்கொண்ட இரண்டு கப்பல்கள், எக்கோ சவுண்டரும் சோனாரும் வைத்துக்கொண்டு, மகாராஷ்டிரக் கரையிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் வரை கடலை அலசின. எங்கே எவ்வளவு மீன் இருக்கிறது என்று நம் கடலை எதிரொலியால் எடைபோட்ட பெரிய முயற்சி அது.

திரையில் தெரிவதெல்லாம் மீனா?

நண்பரின் தம்பி சொன்ன ஒரு சம்பவம். புதுக் கருவி வைத்த முதல் வாரம், திரையில் வலப்பக்கம் மலை போல் ஒரு கூட்டம். தாண்டேல் வட்டமடித்து வலை இறக்கினார். (படகுத் தலைவரைக் கர்நாடகக் கரையில் 'தாண்டேல்' என்பார்கள், குமரிக்காரர்களுக்கு அவர் 'சிராங்கு'.) இழுத்துப் பார்த்தால் வலை நிறையச் சொறி! கழுவி முடிக்கவே பாதி நாள் போயிற்றாம். கை அரிப்பு இரண்டு நாள் நீடித்ததாம்.

இப்படி ஏமாறுவதற்குக் காரணங்கள் பல. சொறியும், கூட்டமாக மிதக்கும் நுண்ணுயிர்களும் எதிரொலி தரும். பக்கத்துப் படகில் அதே அலைவரிசையில் கருவி ஓடினால் திரையில் கோடு கோடாகக் குறுக்கிடும். சொந்தப் படகின் விசிறி கிளப்பும் குமிழியே திரையை மறைத்துவிடும். வெயில் ஏறிய பிற்பகலில் கடலின் மேல் தண்ணீர் சூடாகிவிட்டால், பக்கவாட்டில் போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. காலையில் வெகு தூரம் 'பார்த்த' சோனார் மாலையில் கிட்டப் பார்வைக்காரர் ஆகிவிடும். போர்க் கப்பல்காரர்களே இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு வேறு. திரையில் நகரும் படத்தில் கடைசி ஓரத்துக் கீற்று மட்டுமே இந்த நிமிஷத்துச் செய்தி. மற்றதெல்லாம் படகு கடந்து வந்த இடம். திரை நடுவில் மீனைப் பார்த்து 'இதோ கீழே இருக்கிறது' என்று வலையை விடுகிறவன், போன பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன்.

ஆகவே கருவி வாங்கியவுடன் மீன் வந்துவிடாது. இந்தக் கறை மத்தி, இந்தக் கறை நெத்திலி என்று சொல்ல, கூட்டத்தின் வடிவம், எந்த ஆழம், எந்த மாதம், பகலா இரவா என்ற எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது கடல் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கல்வி நம்மவர்களிடம் சோனாருக்கு வெகு காலம் முன்பே இருந்தது. குமரி, திருவனந்தபுரம் கரைகளில் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். மேலே அலை மட்டும் தெரியும் நடுக்கடலில் அந்தப் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் மலை உச்சியையும் ஒரே கோட்டில் வைப்பார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் வைப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கயிற்றில் கட்டிய குண்டை இறக்கினால் பார் தட்டுப்படும். இதற்குக் 'கணிச்சம்' என்று பெயர். நில அளவைக்காரர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை இவர்கள் கட்டுமரத்தில் உட்கார்ந்தே செய்தார்கள். மலேயாக் கரையில் நீருக்குள் தலையை முக்கி, மீன் கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் காதாலேயே கேட்டு இடம் சொல்லும் 'கேட்பாளிகள்' இருந்தார்கள். கருவியும் கேட்கத்தானே செய்கிறது! ஒரு வித்தியாசம்: அந்த மனிதர் மீனின் குரலைக் கேட்டார், கருவி தன் குரலின் எதிரொலியைக் கேட்கிறது.

ரம்பணியின் கதி

இனி இரண்டாவது கேள்வி.

1956-க்கு முன் மங்களூரும் மால்பேயும் சென்னை ராஜ்யத்தில் இருந்தவை என்பது நம்மில் பழையவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் கரையின் பெருமை 'ரம்பணி' வலை. மீன் கூட்டம் தானாகக் கரையை நெருங்கும்போது மிக நீளமான அந்த வலையால் வளைத்து, ஏராளமான பேர் சேர்ந்து மணலில் நின்று இழுப்பார்கள். கிடைத்ததில் எல்லோருக்கும் பங்கு. 1970-களின் பிற்பகுதியில் பர்சீன் படகுகள் பெருகின. கரைக்கு வருமுன்பே கூட்டத்தைக் கடலில் சுற்றி வளைத்தார்கள். ரம்பணிக்காரர்கள் போராடினார்கள்; கடலிலும் கரையிலும் மோதல் நடந்தது. முடிவில் ரம்பணி ஒடுங்கிற்று. அதை இழுத்த கைகளில் பல பர்சீன் படகிலேயே கூலிக்கு ஏறின.

அப்போதெல்லாம் கூட்டத்தைக் கண்டது கண்தான். நீரின் நிறம் மாறுவது, பறவை வட்டமிடுவது, இரவில் அலையில் மின்னும் ஒளி, இவைதான் அடையாளம். மேலே வராத கூட்டம் தப்பித்துக்கொள்ளும். பக்கவாட்டுச் சோனார் வந்த பிறகு அந்தத் தப்பிக்கும் வழி குறுகிவிட்டது. மேலே வராவிட்டாலும், இருட்டாக இருந்தாலும் திரை காட்டிக்கொடுக்கும். அத்துடன் சக்தி வாய்ந்த எல்.இ.டி. விளக்கை நீரில் காட்டி மீனைக் கூட்டும் முறையும் சேர்ந்துகொண்டது. விளக்கு வைத்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. சோனாருக்கு அப்படித் தடை இல்லை.

தமிழ்நாடு பர்சீன் வலையை 2000-லேயே தடை செய்துவிட்டது. அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்ற நிபந்தனைகளுடன் பர்சீன் வலைக்கு அது அனுமதி தந்தது. நாகையிலும் கடலூரிலும் இதையொட்டி மீனவ கிராமங்களுக்குள்ளேயே மனக்கசப்பு உண்டு. வலை வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம், இல்லாதவருக்கு வேறொரு நியாயம்.

சோனார்தான் மீனைக் காலி செய்கிறதா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. கேரளக் கரையில் 2012-ல் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் பிடிபட்டது 3,297 டன்! டிக்கெட் கவுண்டரில் நூறு பேர் நின்ற இடத்தில் ஒருவர்கூட முழுதாக இல்லாதது போல. கடலின் போக்கு மாறியதே முக்கியக் காரணம் என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கூறியது. அதற்கடுத்த ஆண்டுகளில் மத்தி மீண்டும் பெருகிற்று. சோனாரின் பேச்சே இல்லாத 1940-களிலும் மேற்குக் கரையில் மத்தி வருஷக்கணக்கில் காணாமல் போயிருந்தது. மத்தி அப்படிப்பட்ட மீன்.

ஆனால் என் மனதில் உறுத்துவது இதுதான்: மீன் குறைந்த வருஷத்தில் முன்பெல்லாம் படகுக்காரர் தேடிச் சலித்துத் திரும்பிவிடுவார். டீசல் காசுகூடத் தேறாது. எஞ்சிய கூட்டம் பிழைத்தது. இன்று எஞ்சிய அந்தக் கூட்டத்தையும் கருவி காட்டிவிடுகிறது. கருவிக்கு வாங்கிய கடன் இருக்கும்போது, 'இது சின்ன மீன், விட்டுவிடுவோம்' என்று சொல்ல எந்தத் தாண்டேலுக்குத் துணிச்சல் வரும்? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் தொழிலாளிக்குப் பங்கு. தேடும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சம். அந்த அளவுக்குத் தம்பிக்கும் லாபம் உண்டு, மறுக்கவில்லை. எல்லாப் படகிலும் கருவி வந்துவிட்ட பிறகு அந்த லாபம் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

ஏழு பேர்

இந்தக் கருவி மீனை மட்டும் தேடுவதில்லை. 2018 டிசம்பர் 13-ந் தேதி மால்பேயிலிருந்து 'சுவர்ண திரிபுஜா' என்ற படகு 7 மீனவர்களுடன் கடலுக்குப் போயிற்று. உடுப்பி, உத்தர கன்னட மாவட்டத்துக்காரர்கள். இரண்டு நாளில் தொடர்பு அறுந்தது. கடலோரக் காவல் படையும் கடற்படையும் தேடின. மால்பேயில் மீனவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலை மறியல் செய்தார்கள். மாதங்கள் கடந்தன. 2019 மே மாதத் தொடக்கத்தில், மகாராஷ்டிரத்தின் மால்வண் கரைக்கு அப்பால் சுமார் 33 கிலோமீட்டரில், 60 மீட்டர் ஆழத்தில், கடற்படையின் 'நிரீக்ஷக்' கப்பல் அந்தப் படகின் சிதைவைக் கண்டது. கண்ணால் பார்த்துத் தேட முடியாத அந்த ஆழத்தில், தரையில் கிடந்த படகை எதிரொலியால்தான் தேட முடிந்தது. ஏழு பேரும் வீடு திரும்பவில்லை.

தம்பியிடமிருந்து போன் வராத இரவுகளில் நண்பர் தூங்குவதில்லை. இந்தச் சம்பவத்தை நான் சொன்னபோது, "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னார்.

சற்றுப் பொறுத்து, "தம்பிகிட்ட நான் என்ன கேட்கட்டும்?" என்றார்.

"திரையை யார் பார்க்கிறார்கள், அவனுக்கும் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள்" என்றேன். படகில் எல்லாக் கையும் வலை இழுக்கும். திரையைப் படிக்கத் தெரிந்த கை ஒன்றோ இரண்டோதான்.

போன ஞாயிறு மீன் கடையில் நண்பரைச் சந்தித்தேன். தாண்டேல் நல்ல மனிதராம்; இரவு முறையில் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாராம். தம்பி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். திரையில் என்ன வடிவத்தில் கறை விழுந்தது, எத்தனை பாகம் ஆழம், வலையைத் தூக்கியபோது என்ன வந்தது என்று தேதி போட்டுத் தமிழில் எழுதி வருகிறான். முதல் பக்கத்தில் சொறி. ஜூன் முதல் தேதி தொடங்கி ஜூலை கடைசி வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை; படகெல்லாம் கரையேறிவிடும். ஊருக்குப் போகும் வழியில் மைசூரில் இறங்கி அந்த நோட்டை எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

"இன்னிக்குப் பூதாயி நல்லா இருக்கு சார், வாங்குங்க" என்றார் நண்பர். அவருக்கும் கடைப் பெயர் பழகிவிட்டது.